பேரில் ஊர் இருக்கிறதா?

(வரதய்யபாளையத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பயணச்சீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, "எந்த ஊர்?" என்று நாள் முழுவதும் கேட்பது நமது தொழில். சென்ற வாரம் நம் மகள் அதே கேள்வியை நம்மிடம் கேட்டாள். பள்ளி விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். உடன் படிக்கும் தெலுங்குப் பிள்ளை தன் இண்டிபேரைச் சொல்லி, "இது எங்கள் பூர்வீக ஊர்" என்றதாம். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். "நமக்கு ஊரே இல்லையா அப்பா?" என்றாள்.

இருக்கிறது. ஆனால் அது பெயரில் இல்லை. நம்மவர் பெயருக்குப் பின்னால் முன்பு நின்றது பெரும்பாலும் சாதிப் பட்டம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தலைவர்கள் பலர் அதைத் துறந்தார்கள். அதை நாம் திரும்பத் தேட வேண்டாம்.

ஊர்ப்பெயர் இருந்தாலும் அது முழுக்கதை சொல்லுமா? சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பாருங்கள். சர்வபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். அவர் பிறந்ததோ 1888-இல், திருத்தணியில். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில், அதே சட்டப்படி, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. மக்கள் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது! இந்த வரதய்யபாளையமே 2022-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியதே! அப்படியிருக்க, "நீ வெளியூரான்" என்று எந்தக் கோட்டை வைத்து ஒருவன் சொல்வது?

இன்னொரு செய்தி. 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் ஏழை மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். வடஆற்காட்டார் அதில் ஏராளம். அங்கே பிள்ளை, நாயுடு, முதலி என்ற பட்டங்களே குடும்பப் பெயராக நிலைத்தன. அந்தப் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. வழி காட்டுவது கப்பல் பதிவேடு. தகப்பன் பெயர், மாவட்டம், கிராமம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. கூலிக் கணக்குக்காக வெள்ளைக்காரன் எழுதி வைத்தது, இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுகிறது.

கூலிக்கு ஆள் பிடித்தவன் எழுதி வைத்தான். நாம் எழுதி வைத்தோமா? ஆலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடினால் ஊரின் பெயரும் கூடவே போய்விடும்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். பாட்டன் பெயர், பாட்டி பெயர், ஊர், வட்டம், புறப்பட்ட ஆண்டு, புறப்பட்ட காரணம். வறட்சியா, கடனா, நிலம் போனதா? காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஊரை விட்டது நம் குற்றமல்ல என்று பிள்ளைகள் அறிய வேண்டும். சாதிக்கு அதில் கட்டம் கிடையாது.

நாளை யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், நம் பிள்ளைகள் இரண்டு ஊர் சொல்லட்டும்: தாத்தா புறப்பட்ட ஊர், நாம் உழைத்து வாழும் ஊர். இரண்டும் நம்முடையவை.