தேக்கு வளர்த்த ஊர்

கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் மேற்கே இறங்கினோமானால், சாலியாற்றங்கரையில் நிலம்பூரை அடைவோம். 1956 வரை சென்னை ராஜ்யத்துடன் இருந்த மலபார் ஜில்லாவின் ஊர். இன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ளது.

மரம் வெட்டிப் பிழைத்த ஊர்கள் நம் நாட்டில் பல உண்டு. நிலம்பூர் மரம் நட்டுப் பிழைத்த ஊர். கப்பல் கட்டுவதற்கென்று மலபார்த் தேக்கை ஆண்டாண்டாக வெட்டியதில் காடு மெலிந்து போயிற்று. 1840-களில் ஜில்லா கலெக்டர் கானலி தேக்கு பயிரிட முனைந்தார். முதலில் தோல்விதான். தேக்கு விதையின் ஓடு கடினமானது; எளிதில் முளைவிடாது. பின்னர் சாத்து மேனோன் என்ற அதிகாரி பொறுப்பேற்றுக் கன்றுகளைத் தழைக்கச் செய்தார். தோட்டத்துக்கு நிலைத்தது கானலியின் பெயர். மண்ணோடு மல்லாடியவர் மேனோன். இதை நாம் மறக்கலாகாது. நட்ட தேக்கு வெட்டும் பருவத்துக்கு வர ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகும். கானலியோ 1855-லேயே கொலையுண்டார். அவர் காலத்து மரங்களில் சில, உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்ற பெயருடன் இன்றும் நிற்கின்றன.

யானைகள் மரத்தை ஆற்றுக்கு இழுத்து வரும்; அங்கிருந்து தெப்பமாகக் கோழிக்கோட்டுக் கல்லாயிக்குச் செல்லும். 1927-இல் ஷொறணூரிலிருந்து 66 கிலோமீட்டர் ரயில்பாதை வந்தது. யுத்தத் தேவைக்கென்று 1941-இல் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓர் ஊருக்கு வந்த ரயிலையே பறித்துக்கொள்வது சாதாரண இழப்பா? சுதந்திரத்துக்குப் பின், 1954-இல்தான் வண்டி மீண்டும் வந்தது.

2019 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அருகிலுள்ள கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் மாண்டனர். அந்தத் துயரம் ஆறுமுன்னே, 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலம் சரிந்தது. மாண்டவர் பலரைச் சாலியாறு மலையிலிருந்து அடித்துக்கொண்டு கீழே வந்தது. ஒருகாலத்தில் தெப்பங்களை வழியனுப்பிய அதே கரைகளில் நிலம்பூர்ப் பகுதி மக்கள் இறங்கித் தேடினர். முன்பின் அறியாதவர்களின் உடல்களை நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் எடுத்து, காட்டு வழியே சுமந்து, ஊர் மருத்துவமனையில் சேர்த்தனர். உறவினரைத் தேடி வயநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே காத்திருந்தனர்.