வாவிக்கரையில் ஒரு வானொலி நிலையம்
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது மன்றம் ஒரு வானொலிச் செய்திக் கருவி வாங்கலாமா, வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது, பழுதுபட்டால் யார் பார்ப்பது என்னும் கேள்விகள் சில காலமாக இளைஞரிடையே எழுந்துள்ளன. அவற்றுக்கு என்னால் இயன்ற விடையைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். ஆகவே இன்று விஞ்ஞான நூலிலிருந்து அதிகம் எடுத்துரைக்காமல், கைக்கும் கண்ணுக்கும் பயன்படும் சில விடயங்களை மாத்திரம் கூற எண்ணுகின்றேன்.

ஊதியம் கருதாமல், அரசாங்க உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவியினால் வானலைகளில் பேசிப் பழகுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்கிறோம். ‘ஹாம்’ என்பதும் அவர்களையே. இந்த முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1920களில் கொழும்புத் தந்திக் கந்தோரின் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அனுப்புங் கருவியொன்றை அமைத்து, கிராமபோன் இசையை வானலையில் விட்டார். அந்த முயற்சியே வளர்ந்து 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலியாயிற்று. பழைய பாகங்களை வைத்து அறிவுடையவன் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

“எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கையில் இந்தப் பெட்டி எதற்கு?” என்று பெரியோர் கேட்பது நியாயமான கேள்வி. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு இப்பகுதியில் வீசிய சூறாவளியில் தந்திக் கம்பங்களும் தென்னைகளும் ஒருங்கே சாய்ந்தன. மட்டக்களப்பில் நடந்தது வெளியூரார்க்குத் தெரிய நேரஞ் சென்றது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை முதலில் நமது கிழக்குக் கரையையே தாக்கியது. நாவலடியும் கல்லடியும் கல்முனையும் அடிபட்டு அரை மணி நேரத்துக்கு மேலான பின்னரே, தென்மேற்குக் கரையில் பெரலியா என்னுமிடத்தில் நின்ற புகைவண்டியை அலை புரட்டியது. இடையில் இருந்த அந்த நேரம் எவருக்கும் பயன்படவில்லை. இங்கிருந்து அங்கே ஒரு சொல் போய்ச் சேர வழி அமைந்திருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அன்று வானொலியாளர் என்ன செய்தனர் என்பதையும் கூறவேண்டும். அந்தமான் தீவில் பொழுதுபோக்கு ஒலிபரப்புக்கெனச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, போர்ட் பிளேயரில் தமது கருவியை அவசரச் செய்தி நிலையமாக மாற்றி, தீவிலுள்ளோரின் நலச் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் விக்டர் குணதிலக தலைமையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்தினர். தொலைபேசிக் கோபுரங்கள் மின்சாரத்தை நம்பியவை. அவற்றின் பற்றறி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீருமுன்னரே, எல்லோரும் ஒரே வேளையில் பேச முனைவதால் வழி அடைபட்டுவிடும். இரண்டு கருவி, இரண்டு பற்றறி, இரண்டு கம்பி என்றிருந்தால் இடையில் எந்தக் கோபுரமும் வேண்டாத தொடர்பு இதுவொன்றே.

ஆனால் இளைஞர்களே, பெட்டியை முதலில் வாங்கிவிடாதீர்கள். நமது நாட்டில் வானலையில் செய்தி அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்புங் கருவி கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். உறவினர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவார் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க. போர் நடந்த ஆண்டுகளில் இந்தக் கரையில் அனுப்புங் கருவி என்னும் சொல்லே அச்சத்தைத் தந்தது. பெரியோர் சிலர் இன்றும் தயங்குவதற்கு அதுவே காரணம். அவர்களுடைய தயக்கத்தை நீக்க வல்லது உரிமப் பத்திரம் ஒன்றே. அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். வியாபாரமும் அரசியலும் இந்த அலைகளில் பேசலாகாது. பேசுவதை உலகில் எவரும் கேட்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

பரீட்சைக்குப் படிக்குங் காலத்தில் கேட்டுப் பழகுங்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பை நீரில் அமிழ்த்தி அதன் நுனியில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்டவர்கள் நம்மில் உண்டு. 1954இல் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அங்கே வாவியும் காதும் முன்பிருந்தவையே. இடையிலிருந்த துடுப்புத்தான் ஒலியைக் கொண்டுவந்தது. வானொலியில் அந்தத் துடுப்பின் வேலையைச் செய்வது ஏரியல் கம்பி. ஆகவே கையிலுள்ள பணத்தைப் பிரிக்கும்போது பெட்டிக்கு ஒரு பங்கு, ஏரியலுக்கும் கேபிளுக்கும் ஒரு பங்கு, பற்றறிக்கு ஒரு பங்கு என முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பெட்டியிலேயே எல்லாவற்றையும் செலவிட்டுவிட்டுக் கொடிக்கம்பியை ஏரியலாகக் கட்டுவோர் பலர்.

எத்தகைய பெட்டி? கையடக்கமான சிறு கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை 144 மெகாஹேட்ஸ் அளவிலான அலைகளில் இயங்குவன. அந்த அலை பெரும்பாலும் பார்வை செல்லும் தூரமே செல்லும். தரையில் நின்று பேசினால் சில கிலோமீற்றர். இரு முனையிலும் 16 மீற்றர் உயரத்தில் ஏரியலை ஏற்றினால் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். வாவி நீளம் 56 கிலோமீற்றர், குறுக்கே மலையில்லை. ஆகவே எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் இது நல்ல ஏற்பாடு. 2011 ஜனவரி வெள்ளத்தைப் போல் இன்னொன்று வந்து உட்கிராமங்களின் பாதைகள் மூடுமாயின் இதன் அருமை விளங்கும். கொழும்புக்கு மலைநாட்டைத் தாண்டிப் பேச இது உதவாது. அதற்குச் சிற்றலை வேண்டும். பகலில் 7 மெகாஹேட்ஸ், இரவில் அது தாண்டிப் போய்விட்டால் 3.5 மெகாஹேட்ஸ். ஆகவே இவ்விரு அலைகளும் உள்ள, 12 வோல்ற் பற்றறியில் நேரே இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

வலு எவ்வளவு வேண்டும் என்பதில் மயக்கம் வேண்டாம். 100 வாற் கருவி பேசும்போது 20 அம்பியர் அளவு மின்னோட்டம் இழுக்கும். 10 வாற் கருவிக்கு ஏறத்தாழ இரண்டரை அம்பியர் போதும். வலு பத்து மடங்கு கூடினாலும் கேட்பவரின் மானியில் முள் இரண்டு கோடு கூட ஏறாது. மின்சாரமில்லாத மூன்று நாளில் பற்றறியைப் பாதுகாப்பதே பெரிது. வலுவைக் குறைத்துப் பேசும் வசதி கருவியில் உண்டா என்று பாருங்கள்.

பழைய கருவி வாங்குவதில் குறைவில்லை. ஆனால் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். திருகாணிகளில் துருவும், பலகையில் பச்சைப் பூஞ்சும், வீங்கிய கொள்ளளவிகளும், எரிந்த மணமும் இருந்தால் விலகிவிடுங்கள். குமிழைத் திருப்புகையில் கரகரப்பு மாத்திரம் எழுந்தால் அது தூசி. சுத்தம் செய்தால் போகும். 1970களில் வந்த யேசு எப்.டி.-101 போன்றவை உறுதியானவைதாம். ஆயின் அவற்றின் இறுதிப் பகுதியில் வால்வுகள் உண்டு. மாற்று வால்வு கிடைப்பது அரிது. பல நூறு வோல்ற் மின்னழுத்தம் உள்ளே இருக்கும். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் சில நேரம் தங்கியிருக்கும். பழகாதவர் கைவைக்கலாகாது.

இனி ஏரியல். நம் மண்ணில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். யாழ் நரம்பின் நீளத்துக்கும் அதன் சுரத்துக்கும் உள்ள கணக்கை 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் ஆராய்ந்தவர். ஏரியல் கம்பியும் ஒரு நரம்பே. அதன் நீளம் அலைக்குப் பொருந்த வேண்டும். 143 என்னும் எண்ணை மெகாஹேட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேட்ஸுக்கு 20 மீற்றர் சொச்சம். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராக விரித்து, நடுவிலே கேபிளை இணைக்க வேண்டும். முதலில் ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள்; பின்னர் மானியைப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். உள்நாட்டில் பேசுவதற்கு ஆறேழு மீற்றர் உயரமே நன்று. அலை நேரே மேலே சென்று நாடு முழுவதும் இறங்கும். இரண்டு தென்னைகளில் கட்டலாம். ஆனால் தென்னை காற்றில் ஆடும். ஒரு முனையைக் கப்பி வழியாக விட்டு ஒரு கல்லைத் தொங்கவிட்டால் கம்பி அறாது. மின்சாரக் கம்பிக்கு அருகே ஒருபோதும் கட்டாதீர்கள். இடி முழங்கும் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே விடுங்கள்.

பழுது பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கருவி பேசவில்லை என்றதும் திருப்பி எடுத்து மூடியைக் கழற்றுவது இளைஞர் வழக்கம். மூடி கடைசியில்தான் கழற்ற வேண்டியது.

முதலாவது மின்சாரம். பற்றறியைச் சும்மா அளந்தால் 12.5 வோல்ற் காட்டும். பேசும்போது, கருவியின் முனையிலேயே அளந்து பாருங்கள். மெல்லிய கம்பியிலும் தளர்ந்த பிடியிலும் சேர்ந்து ஓமில் பத்திலொரு பங்கு தடை இருந்தாலும், 20 அம்பியர் ஓடும்போது 2 வோல்ற் அங்கேயே போய்விடும். மிஞ்சிய பத்தரை வோல்ற்றில் கருவி திக்கும், குற்றம் கருவியினுடையதன்று. பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸே போட வேண்டும். வெள்ளித்தாள் சுற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

இரண்டாவது ஏரியலும் கேபிளும். நம் கரையில் பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான். கடற்காற்றின் உப்புச் செம்பைப் பச்சையாக்கிவிடும். இணைப்பின் வழியே மழைநீர் கேபிளுக்குள் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. அலை மாத்திரம் உள்ளேயே மடிந்துவிடும். நிலையலை விகித மானி ஒன்றரைக்குக் கீழே காட்டினால் நன்று. மூன்றுக்கு மேல் போனால் பேசுவதை நிறுத்திக் காரணம் தேடுங்கள். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றி, ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, மாரிக்கு முன்னர் ஆண்டுதோறும் அவிழ்த்துப் பாருங்கள்.

மூன்றாவது குமிழ்கள். சத்தமே இல்லாவிடின் மௌனக் குமிழ் கூடியிருக்கலாம். பேச்சு வாத்தின் குரல்போல் கேட்டால் அலைமுறை மாறியிருக்கலாம். நான்காவது இரைச்சல். வீட்டின் பிரதான சுவிச்சை அணைத்து, பற்றறியில் கேளுங்கள். இரைச்சல் நின்றால் கள்வன் வீட்டுக்குள்ளே இருக்கின்றான். மின்குமிழ், தொலைபேசி மின்னேற்றி, சூரிய மின்கருவி என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இத்தனையும் சரியாயிருந்தால் மாத்திரம் மூடியைத் திறவுங்கள். எப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதையும் கண்டதையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அடுத்து வருபவர் அதைப் படித்து, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

பெரியோர்களே, மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். கருவி வாங்கப் பணம் சேர்ப்பது எளிது. திறப்பு விழாவும் எளிது. அலுமாரியில் பூட்டிவைத்த கருவி வெள்ளத்தன்று இயங்காது. ஆகவே உரிமப் பரீட்சைக்கு நான்கு பேரையாவது முதலில் ஆயத்தஞ் செய்வோம்; அவர்களில் இருவராவது பெண் பிள்ளைகளாய் இருக்கட்டும். வாரந்தோறும் ஒரு மாலை கருவியை இயக்கி, படுவான்கரையிலுள்ள நண்பரோடும் கொழும்பிலுள்ள வானொலியாளரோடும் பேச வேண்டும். மாதம் ஒருமுறை வீட்டு மின்சாரத்தை அணைத்து, பற்றறியில் மாத்திரம் இயக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் இளைஞர் கிடைத்தால் பணத்தை நம்பிக்கையோடு கொடுங்கள். கிடைக்காவிடின் அந்தப் பணத்தை வேறு நற்பணிக்குச் செலவிடுவதே முறை.

செயலாளரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கின்றேன். அது இப்போது வெறுந்தாளாக இருக்கின்றது. கூட்டம் கலையுமுன் விரும்புவோர் பெயரை எழுதலாம்.