கருணைத்தொகை அல்ல, காப்பீட்டு உரிமை

(பெங்களூர் பீன்யாவில் தமிழ்த் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

2023 அக்டோபர் 7 அன்று நமது நகரின் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கிடங்கு தீப்பற்றியது. 14 பேர் அன்றே கருகி மாண்டனர். பின்னர் மருத்துவமனையில் மேலும் சிலர் இறந்தனர். பெரும்பாலோர் தீபாவளி வியாபாரத்திற்காகத் தமிழகத்திலிருந்து வந்து வேலை செய்த இளைஞர்கள். இறந்தோர் குடும்பங்களுக்குக் கர்நாடக அரசு 5 லட்சம் ரூபாயும், தமிழ்நாடு அரசு 3 லட்சம் ரூபாயும் அறிவித்தன.

அந்த உதவியை நாம் குறைகூறவில்லை. ஆனால் இதே பீன்யாவில் பவர் பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் விரல்கள் துண்டானால் எந்த அமைச்சரும் வருவதில்லை, எந்தத் தொகையும் அறிவிக்கப்படுவதில்லை. உழைப்பவனின் உடலுக்கு நேரும் சேதத்திற்கு என்ன கிடைக்கும் என்பதைப் பிணங்களின் எண்ணிக்கையும் பத்திரிகைத் தலைப்பும் தீர்மானிக்கலாமா? இதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் இரண்டு விதமாக விடையளித்துள்ளது. முதலாவது, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்று அது கூறிற்று. அது ஒரு முன்னேற்றம்தான். எனினும் பொறுப்பைச் சுமத்திய சட்டம், காப்பீடு செய்யுமாறு முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளி தராவிட்டால் விதவை ஆணையரிடம் வழக்காட வேண்டும். பட்டறையை மூடிவிட்டு அவர் மறைந்துபோனால், கையில் தீர்ப்பு இருக்கும். அடுப்பில் உலை இருக்காது.

இரண்டாவது விடை கட்டாயக் காப்பீடு. உலகில் இதற்கு முன்னோடியான சட்டத்தை 1884இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்தார். 1878 முதல் சோஷலிஸ்டுகளைத் தடைச்சட்டத்தால் ஒடுக்கிவந்தவரும் அவரே. தொழிலாளி வர்க்கத்தின் எழுச்சியைக் கண்ட அச்சம் அதில் இருந்தது. இந்தியாவில் பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியாக 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கியது.

இதன் பொருளைக் கணக்கில் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் பெறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் செலுத்துகிறார். விபத்தில் காயமுற்று வேலைக்குச் செல்ல முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நாளொன்றுக்குச் சுமார் 540 ரூபாய் கிடைக்கும். மருத்துவக் குழு 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு என்று சான்றளித்தால், நாளொன்றுக்குச் சுமார் 162 ரூபாய் ஆயுள் முழுவதும் வரும். இறந்துவிட்டால் அந்த 90 சதவீதம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிடப்பட்டு மாதந்தோறும் வழங்கப்படும். சாதாரண நோய்க்கான உதவித்தொகை பெற, குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை விபத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு.

எனவேதான் ‘கட்டாயம்’ என்ற சொல் முக்கியமானது. தொழிலாளியின் உரிமை தனியொரு முதலாளியின் மனச்சாட்சியையோ பணப்பெட்டியையோ நம்பி நிற்கவில்லை; அனைவரின் சந்தாவால் உருவான பொது நிதி அதைத் தாங்குகிறது. முதலாளி பதிவு செய்யாமல் ஏய்த்திருந்தாலும், கழகம் தொழிலாளிக்குப் பயனை வழங்கிவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் இந்தக் குடையில் ஓட்டைகள் பல. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் வெளியே நிற்கின்றன. 21,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு 2017இல் நிர்ணயிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் திறன்மிக்க தொழிலாளி காப்பீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் பழைய இழப்பீட்டுப் பாதையில் தள்ளப்படுகிறார். 2019 ஜூலையில் முதலாளிகளின் பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைக்கப்பட்டது. விரலை வெட்டும் பட்டறைக்கும் விபத்தில்லாத அலுவலகத்திற்கும் ஒரே சந்தா வீதம். ஜெர்மனியிலோ விபத்துக் காப்பீட்டுச் சந்தாவை முதலாளிகளே செலுத்துகின்றனர், ஆபத்து மிகுந்த தொழிலுக்கு வீதமும் அதிகம்.

2025 நவம்பர் 21 முதல் இவ்விரு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடக்கப்பட்டுவிட்டன. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்தால், ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்திற்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று அது சொல்கிறது. நல்லது. தொழிலாளர் தொகுப்புகளை எதிர்க்கும் நாம், அதில் எழுதப்பட்டுள்ள இந்த வரியையும் அமலாக்கச் சொல்லிப் போராட வேண்டும். உணவு விநியோகிக்கும் இளைஞர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய கிக் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் வசூலிக்க வழி செய்கிறது. அந்த நிதி விபத்துக்குள்ளானவரின் கைக்கு வந்து சேர்வதையும் நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

தோழர்களே, காப்பீடு பாதுகாப்புக்கு மாற்றாகாது. இயந்திரத்திற்குக் காப்பு வேலி கேட்கும் போராட்டத்தை ஒருநாளும் கைவிடலாகாது. அத்துடன், ஒவ்வொரு கிளையும் மூன்று பணிகளை ஏற்க வேண்டும். தன் பகுதியிலுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, இ.எஸ்.ஐ. எண் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். விபத்து நேர்ந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். ‘வீட்டில் விழுந்தேன்’ என்று மருத்துவமனையில் சொல்லுமாறு மேஸ்திரி வற்புறுத்தினால் இடங்கொடுக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்போருக்கு, இரண்டாண்டுக் கெடு முடியுமுன் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய உதவ வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்யும் தொழிலாளிக்குத் தன் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரிவதில்லை. அதைத் தமிழில் எடுத்துச் சொல்வது நம் கடமை. பதிவேட்டில் ஏறாத பெயர் ஒன்றும் நம் பகுதியில் இருக்கக் கூடாது. அந்த வேலையை நாளைய ஷிப்டிலேயே தொடங்குவோம்!