பயிர் ஊட்டமும் பண்ணைக் கணக்கும்



மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மையைத் தொழிற்பாடமாகப் படிக்கும் ஒரு மாணவரிடம் பயிருக்கு இன்றியமையாத சத்துகள் எத்தனை என்று கேட்டால் 17 என்று தயங்காமல் சொல்லிவிடுவார். தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலை மஞ்சளாகும், இரும்புச்சத்து குறைந்தால் குருத்திலை வெளுக்கும் என்பதும் வந்துவிடும். சென்ற போகத்தில் உங்கள் வயலுக்கு எத்தனை கிலோ தழைச்சத்து போனது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மூட்டை யூரியா போட்டோம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எவ்வளவு பரப்புக்கு, எத்தனை தவணையில், கூடவே டிஏபி போட்டார்களா என்பதெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. இதற்கு மாணவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பயிர் ஊட்டம் ஓர் அலகு, பண்ணைப் பதிவேடுகள் வேறோர் அலகு என்றுதான் அவருக்குக் கற்பிக்கப்படுகிறது. முதல் அலகு வேதியியல் வகுப்பின் சாயலிலும் இரண்டாவது வணிகவியல் வகுப்பின் சாயலிலும் நடந்து முடிகின்றன. இவை இரண்டும் ஒரே பாடம் என்பதும், ஒன்றாகக் கற்பித்தால்தான் இரண்டுமே பிடிபடும் என்பதும் இன்று நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் வரலாற்றுச் சான்று. பயிர் எதை உண்கிறது என்ற அறிவே பதிவேட்டிலிருந்து பிறந்ததுதான். செர்மானிய வேதியியலாளர் லீபிக் 1840-இல் வெளியிட்ட நூல் மண்ணிலுள்ள கனிமங்களே பயிரின் உணவு என்பதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பயிர் போதிய அளவு பெற்றுவிடும் என்றும் அவர் நம்பினார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் வயல் ஆய்வு நடத்திய லாசும் கில்பர்ட்டும் அதை ஏற்கவில்லை. அவர்கள் 1843-இல் பிராட்பாக் வயலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இன்ன உரம் என்று வகுத்துக் கோதுமை விதைத்தார்கள். ஆண்டுதோறும் இட்டதையும் எடுத்ததையும் எழுதி வந்தார்கள். கனிமங்கள் மட்டும் பெற்ற துண்டு பின்தங்கியது. தழைச்சத்தும் சேர்த்துப் பெற்ற துண்டு செழித்தது. லீபிக்கின் புகழையும் மீறி அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது வயலின் கணக்கே. நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை இருக்கிறது. அங்கும் ஒரு துண்டுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்துகளும், ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று நூறாண்டைக் கடந்து அறுவடைக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. அந்த நிலத்தின் மதிப்பு அதன் மண்ணில் இருப்பதைக் காட்டிலும் அந்த ஏட்டில்தான் அதிகம் இருக்கிறது. ஏடு தொலைந்தால் அது மற்றொரு மானாவாரிக் காடு, அவ்வளவே. இப்படிப் பிறந்த அறிவை மாணவருக்குக் கொடுக்கும்போது முடிவுகளை மட்டும் அட்டவணையாக நீட்டிவிட்டு, அது பிறந்த வழியை நாம் மறைத்துவிடுகிறோம்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். காவிரிப் படுகையில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150, 50, 50 கிலோ. ஏக்கருக்குச் சுமார் 60, 20, 20 என்று வைத்துக்கொள்ளலாம். டிஏபியில் 46 விழுக்காடு மணிச்சத்தும் 18 விழுக்காடு தழைச்சத்தும் உண்டு. 20 கிலோ மணிச்சத்துக்கு ஏறத்தாழ 43 கிலோ டிஏபி வேண்டும். அதிலேயே கிட்டத்தட்ட 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு 46 விழுக்காடுள்ள யூரியா 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது. ஆனாலும் இதைப் போட வேண்டுமானால் மாணவர் முதலில் நிலத்தை அளக்க வேண்டும். தஞ்சைப் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர், வேறிடத்தில் பேச்சு சென்ட்டில் நடக்கும். மூட்டை என்பதும் ஊருக்கு ஊர் வேறு எடை. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், களத்தில் வியாபாரி எடுக்கும் மூட்டை வேறு. அலகைத் தெளிவாக எழுதக் கற்பதே பதிவேட்டின் முதல் பாடம், அது கைவராமல் ஊட்டப் பாடத்தில் ஓரடிகூட வைக்க முடியாது. இரண்டரை மூட்டை யூரியாவையும் ஒரே நாளில் வீசிவிட்டார்களா, அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பிரித்து இட்டார்களா என்பதையும் தேதியோடு எழுதினால்தான், நீர் தேங்கிய நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேராமல் போகக்கூடும் என்ற வாக்கியத்துக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு வைக்கோலில் இருக்கிறது. கதிர் அறுக்கும் இயந்திரம் போன கையோடு வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. கட்டுகள் லாரியேறிப் போகின்றன. பண்ணையின் ரொக்க ஏட்டில் அது வரவு. ஆனால் நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும்பகுதி, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, தங்குவது வைக்கோலில்தான். உலர்ந்த வைக்கோலில் சுமார் ஒன்றரை விழுக்காடு பொட்டாசியம் இருக்கிறது. ஓர் ஏக்கரிலிருந்து ஒன்றரை டன் வைக்கோல் வெளியேறினால் 22 கிலோவுக்கு மேல் பொட்டாசியம் போகிறது. உர மூட்டையில் அச்சிடும் ஆக்சைடு கணக்கில் அது ஏறத்தாழ 27 கிலோ. நாம் விலை கொடுத்து வாங்கி இட்டதோ 20 கிலோ. ஒரே கட்டு ரொக்க ஏட்டில் வரவாகவும் ஊட்ட ஏட்டில் செலவாகவும் நிற்கும் இந்த இடத்தை ஒரு மாணவர் தன் கையாலேயே எழுதிக் கண்டுவிட்டால், சாம்பல் சத்தின் பணிகள் யாவை என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அவர் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாசன நீரும் கொஞ்சம் கொண்டுவரும், களிமண்ணும் தன் இருப்பிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால் இந்தப் பற்றாக்குறை அடுத்த போகத்திலேயே கண்ணுக்குத் தெரியாது என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுப் பதிவு ஏன் தேவை என்பதும் அங்கேயே விளங்கும்.

இலையைப் பார்த்தாலே குறை தெரிகிறதே, ஏடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வண்ணப் படங்களோடு குறைபாட்டு அறிகுறிகளைக் கற்பிப்பது வேண்டியதுதான். ஆனால் அறிகுறி தெரியும்போது விளைச்சலில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மேலும் இலை பல நேரங்களில் ஏமாற்றும். நெல் இலையில் பழுப்புப் புள்ளிகளோடு வரும் கைரா பார்வைக்கு நோய் போலவே இருக்கும். அது துத்தநாகப் பற்றாக்குறை என்பதைப் பந்த்நகரில் நெனே என்ற பயிர் நோயியலாளர் 1966-இல் காட்டினார். இன்றும் மாணவர் ஒருவர் அந்த இலையைப் பார்த்து மருந்து கேட்பதா, ஜிங்க் சல்பேட் கேட்பதா என்று தடுமாறினால், கடைசியாகத் துத்தநாகம் இட்டது எப்போது, டிஏபி எத்தனை போகமாகத் தொடர்ந்து போகிறது, வயலில் நீர் வடியாமல் எத்தனை நாள் நின்றது என்ற மூன்று பதிவுகள் படத்தைவிட நல்ல துணை. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகும் என்ற பாடம் அப்போதுதான் வயலுக்கு இறங்கும்.

மண்வள அட்டை வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டம் கார அமில நிலை முதல் போரான் வரை 12 அளவுகளைத் தருகிறது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அட்டை சொல்வது ஒரு நாளின் இருப்பை. திட்டம் வகுத்தபோது பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து எக்டருக்கு ஒன்று என்றுதான் மாதிரி எடுக்க ஏற்பாடு. சிறு விவசாயியின் அரை ஏக்கருக்கும் அந்த எண்ணுக்கும் இடையே பக்கத்து வயல்கள் பல இருக்கும். அந்த இருப்பு எப்படி வந்தது, எங்கே போகிறது என்பதை அட்டை சொல்லாது, ஏடுதான் சொல்ல வேண்டும். அட்டையும் ஏடும் சேர்ந்தால் பரிந்துரையைத் தன் வயலுக்குத் திருத்திக்கொள்ள முடியும். அட்டை மட்டும் என்றால் அது பெட்டியில் பட்டாவோடு உறங்கும்.

இயற்கை வேளாண்மை அன்பர்களின் எதிர்ப்பு வேறு வகையானது. தழை, மணி, சாம்பல் என்று எண்ணுவதே உரக் கம்பெனியின் பார்வை, மண் உயிருள்ளது, அதைக் கணக்கில் அடைக்காதீர்கள் என்கிறார்கள். மண்ணின் உயிர்ப்பைப் பாடத்திட்டம் போதிய அளவு கவனிக்கவில்லை என்ற அவர்கள் குறை சரியானது. ஆனால் ஏடு யாருக்கும் கட்சி கட்டாது. எக்டருக்குப் பன்னிரண்டரை டன் தொழுவுரம் இட்டால், அதில் அரை விழுக்காடு தழைச்சத்து என்று கொண்டாலும் 60 கிலோவுக்கு மேல் வருகிறது. அது அந்தப் போகத்திலேயே முழுதும் கிடைக்காது, மெல்ல மெல்ல விடும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் எவ்வளவு, பயறு வகைக்குப் பின் நெல் வைத்தால் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் பார்க்க அவர்களுக்கும் இதே ஏடுதான் வேண்டும். இலங்கையில் 2021-இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்து, அதே ஆண்டு பின்வாங்க நேர்ந்தது; விளைச்சலும் வீழ்ந்தது. அங்கே தோற்றது இயற்கை வேளாண்மை அன்று. வெளியே எவ்வளவு போகிறது, பதிலுக்கு உள்ளே எவ்வளவு கொண்டுவர முடியும் என்ற கணக்கைப் பாராத அவசரம்தான்.

எடை மிகுந்த மறுப்பு கல்வியாளர்களிடமிருந்து வருவது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளி நிலையில் குறுகிய வேளாண் தொழிற்பயிற்சி பலன் தரவில்லை என்று கருதியது. வேளாண்மை பொதுக் கல்வியின் ஒரு கூறாக இருக்கட்டும், தொழிற்பயிற்சியை அதற்கான பாலிடெக்னிக்குகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் போக்கு. தமிழ்நாடு 1978-இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவையும் தொடங்கியது வேறு வழி. இந்தப் பிரிவில் சேர்வோர் பலர் வேறு பிரிவு கிடைக்காமல் வந்தவர்கள் என்பதும், படித்தபின் வேளாண்மைக்கே போகாதவர்கள் பலர் என்பதும் மறைக்க முடியாதவை. அப்படியானால் பதிவேட்டுப் பாடம் யாருக்கு? அளப்பது, தேதியிட்டு எழுதுவது, எழுதியதைக் கொண்டு ஒரு கூற்றைச் சோதிப்பது ஆகிய மூன்றும் எந்தத் தொழிலுக்கும் அடிப்படை என்பதால், கோத்தாரி குழு கேட்ட பொதுக் கல்வியாகவும் இது நிற்கும் என்பது என் பதில். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் ஸ்டிம்சன் 1908-ஐ ஒட்டி உருவாக்கிய முறையும் இதைத்தான் செய்தது. மாணவர் பள்ளியில் படித்ததைத் தன் வீட்டுப் பண்ணையில் ஒரு பயிரிலோ கோழிக்கூட்டிலோ செய்து பார்த்துக் கணக்கு எழுதி வர வேண்டும். ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். பள்ளிக்குப் பெரிய பண்ணை தேவைப்படவில்லை. நம்மிடம் நிலமில்லாத பள்ளிகள் இருக்கின்றன, நிலமுள்ள மாணவர் வீடுகளும் இருக்கின்றன. இவற்றை இணைக்கும் கயிறு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

நோட்டு என்றதும் ஆசிரியர்கள் சிரிக்கக்கூடும். ரெக்கார்டு நோட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சென்ற ஆண்டு அண்ணன் எழுதியதைப் பார்த்து இந்த ஆண்டு தம்பி எழுதுவது, எல்லார் நோட்டிலும் ஒரே விளைச்சல், ஒரே படம், ஒரே முடிவு. அது கையெழுத்துப் பயிற்சி. இதற்கு மாற்று, செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பங்கை வயல் ஏட்டுக்கு ஒதுக்கி, விடை சரியா என்று பாராமல் பதிவு அந்த வயலுடையதா என்று பார்ப்பதே. இரண்டு மாணவர் ஏட்டில் ஒரே எண்கள் வந்தால் ஆசிரியருக்கு உடனே தெரியும். பூச்சி தாக்கிப் பயிர் போன ஏட்டுக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். பொய்யாக நல்ல விளைச்சல் காட்டத் தூண்டும் தேர்வு இந்தப் பாடத்தை முதல் ஆண்டிலேயே கொன்றுவிடும்.

நினைவிலிருந்து பேசுவதற்கும் அன்றன்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் நாடு ஒருமுறை முறையாகவே சோதித்திருக்கிறது. 1954-இல் தொடங்கிய பண்ணை மேலாண்மை ஆய்வுகளுக்குச் சென்னை மாநிலத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒருபுறம் ஊரிலேயே தங்கிய களப்பணியாளர்கள் அன்றாடம் கணக்கெழுத, மறுபுறம் விவசாயிகளைக் கேட்டுத் தகவல் திரட்டும் முறையும் நடந்தது. அந்த ஏடுகளிலிருந்துதான் சிறு பண்ணையில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதல் என்று 1962-இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் எழுத, நெடுங்காலம் நடந்த விவாதம் கிளம்பியது. குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றிய இன்றைய சண்டையும் எந்தச் செலவைச் சேர்ப்பது, குடும்பத்தார் உழைப்போடு சொந்த நிலத்தின் வாடகையையும் சேர்ப்பதா என்ற பதிவேட்டுக் கேள்விதான். தாயும் அக்காவும் களையெடுத்த நாட்களைச் செலவுப் பத்தியில் எழுதச் சொன்னால், வீட்டில் முதல்முறையாக அந்த உழைப்புக்கு ஓர் எண் கிடைக்கும்.

நிலமே இல்லாத மாணவர் என்ன எழுதுவார் என்ற கேள்வி மீதமிருக்கிறது. தொழிற்பிரிவில் அவர்கள் எண்ணிக்கை குறைவன்று. அவர் வீட்டிலும் வேளாண் கணக்கு நடக்கிறது. நடவுக்குப் போன நாள், கூலி, எந்த வயல், யூரியா வீசச் சொன்னது எத்தனை மூட்டை, வீட்டு ஆட்டுக்குப் புல் எங்கிருந்து வந்தது, ஆட்டெரு யாருக்குப் போனது என்பதை அவர் எழுதட்டும். ஒரே ஊரில் நிலமுள்ள வீட்டு மாணவரின் ஏட்டையும் கூலிக்குப் போகும் வீட்டு மாணவரின் ஏட்டையும் பெயரை நீக்கிவிட்டு, போகம் முடிந்தபின் வகுப்பில் அருகருகே வைக்கலாம். ஒன்றில் செலவாக இருக்கும் கூலி மற்றதில் வரவாக இருக்கும். ஆள் எண்ணிக்கையும், மூட்டை எண்ணிக்கையும், தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று மாணவர்களே சரிபார்க்கட்டும். ஒத்துப்போகாத வரிகளிலிருந்து அடுத்த நாள் வகுப்பை ஆசிரியர் தொடங்கலாம்.