நாய்க்குட்டி பேசும் மொழி



நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. திருத்தவே இயலாத மனிதரைக் குறித்து அதைச் சொல்வோம். ஆனால் நாயின் வாலை நிமிர்த்த வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அது சொல்லும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே உண்டு. வாய்பேச இயலாத அந்த உயிருக்கு வால், செவி, கண், உடலின் வளைவு, குரலின் ஏற்றத்தாழ்வு ஆகியவையே எழுத்துகள். முதன்முதலாக ஒரு நாய்க்குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்திருக்கும் இளைஞர்களுக்கு அந்த எழுத்துகளுள் சிலவற்றை அறிமுகப்படுத்துவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் பல காலமாக நாய் வளர்ந்து வருவதால், தெருப்பிள்ளைகள் தங்கள் நாய்க்குட்டிகளைப் பற்றி என்னிடம் முறையிட வருவதுண்டு. “ஐயா, இரவு முழுவதும் அழுகிறது,” என்பான் ஒருவன். “கையைக் கடிக்கிறது,” என்பாள் ஒருத்தி. “கூடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது; அப்பா இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிடுவதாகச் சொல்கிறார்,” என்று மூன்றாமவன் கண் கலங்குவான். இந்த மூன்றாவது முறையீட்டைக் கேளாததுபோல் இருந்துவிட முடியாது. தாயையும் இழந்து வீட்டையும் இழந்த குட்டி சாலையோரத்தில் நெடுநாள் பிழைப்பது அரிது. ஆகவே, குட்டியின் நடத்தையைச் சரியாகப் பொருள் கொள்வது ஓர் உயிரைக் காக்கும் செயலே ஆகும்.

முதலில் இரவு அழுகையை எடுத்துக்கொள்வோம். நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதையடுத்துச் செவி திறக்கும். அதுவரை மட்டுமன்றி அதன் பின்னரும், தாயின் வயிற்றுச் சூட்டிலும் உடன்பிறந்தவற்றின் நெருக்கத்திலுமே அது உறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட குட்டியை ஒரே நாளில் பிரித்துக் கொண்டுவந்து, இருண்ட தாழ்வாரத்தில் தனியே கட்டிப்போட்டால் அது அழாமல் வேறு என்ன செய்யும்? அந்த அழுகை பிடிவாதம் அன்று. தாயை அழைக்கும் குரல். முதல் சில இரவுகளில் அதன் கூடையை நீங்கள் படுக்கும் இடத்திற்கு அருகில் வையுங்கள். தாயிடம் இருந்தபோது அது படுத்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து உள்ளே போடுங்கள். நள்ளிரவில் ஒருமுறை வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். புதிய வீடு தன் வீடு என்று அதற்குத் தோன்றத் தோன்ற, அழுகை தானே குறையும்.

தாயிடமிருந்து மிக இளமையிலேயே பிரித்த குட்டிக்குத் துன்பம் இன்னும் மிகுதி. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வகுக்கப்பட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுகின்றன. அந்த எட்டு வாரங்களில் குட்டி கற்கும் பாடம் ஒன்று உண்டு. உடன்பிறந்த குட்டியை அளவுக்கு மீறிக் கடித்தால் அது வீறிட்டுக் கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். கடித்த குட்டிக்கு அதுவே தண்டனை, அதுவே படிப்பினை. எனவே உங்கள் கையைக் குட்டி கடித்தால் அடிக்காதீர்கள். கையை மெல்ல எடுத்துக்கொண்டு, சிறிது நேரம் அதைக் கவனியாமல் திரும்பி நில்லுங்கள். பின்னர்க் கடிப்பதற்கு உரிய பொருள் ஒன்றைக் கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுதல் வேண்டும். அண்ணன் கையைக் கொடுத்து விளையாட, தங்கை அதே கடிக்காக அதட்டினால், குட்டி எந்தப் பாடத்தைக் கற்கும்?

கடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் முளைக்கின்றன. நான்காம் மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஏழாம் மாத அளவில் 42 நிலைப்பற்கள் நிறைகின்றன. அக்காலத்தில் ஈறு நோகும். கடிக்கக் கடிக்க இதமாக இருக்கும். செருப்பும் நாற்காலிக் காலும் பாழாவது அதனால்தான். முறுக்கி நனைத்துக் குளிர வைத்த பழந்துணி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்; செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். வேகவைத்த எலும்பை மட்டும் கொடாதீர்கள். அது கூரிய சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தக்கூடும்.

அடுத்து, சிறுநீர். சின்னஞ்சிறு குட்டியால் நெடுநேரம் அடக்கிக்கொள்ள இயலாது. உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் ஆகிய மூன்று வேளைகளிலும் தவறாமல் வெளியே கொண்டுபோங்கள். உரிய இடத்தில் கழித்ததும் அப்போதே பாராட்டுங்கள். கூடத்தில் நனைத்துவிட்டதே என்று அரைமணி நேரம் கழித்து அதன் மூக்கை அங்கே தேய்ப்பவர்கள் உளர். அதனால் யாதொரு பயனும் இல்லை. செய்த செயலும் பெற்ற தண்டனையும் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்தாலன்றி அவற்றைச் சேர்த்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நம்மைக் கண்டு அஞ்சுவதற்கே அது கற்றுக்கொள்ளும்.

“தப்புச் செய்தது அதற்கே தெரியும் ஐயா, முகத்தைப் பாருங்கள், தலையைக் குனிந்துகொள்கிறது,” என்று சிலர் வாதிடுவார்கள். இதை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். நாய் அதைத் தின்றதா இல்லையா என்பது பற்றி அவருக்குச் சில வேளைகளில் உண்மையும் சில வேளைகளில் பொய்யும் சொல்லப்படும். முடிவில் தெரிந்தது என்ன? தின்ற நாய் என்றும் தின்னாத நாய் என்றும் வேறுபாடு இல்லை. உரிமையாளர் அதட்டியபோதுதான் நாய்கள் அந்தக் குற்றமுள்ள முகத்தைக் காட்டின. தவறே செய்யாத நாயும் அதட்டினால் குனிந்தது. அந்த முகம் குற்ற உணர்வு அன்று, அச்சம். வகுப்பறையில் இதே முகத்தைக் கண்டு, குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று எண்ணும் ஆசிரியர்களும் இந்த ஆராய்ச்சியை நினைவிற் கொள்வது நன்று.

உணவுத் தட்டை நெருங்கினால் குட்டி உறுமுவதும் பெற்றோரைக் கலங்கச் செய்யும். உறுமல் என்பது “அருகில் வராதே, அஞ்சுகிறேன்” என்னும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அச்சம் போகாது. எச்சரிக்கை மட்டுமே போய்விடும். பின்னர் அது உறுமாமலே கடிக்கும் நாயாகக்கூடும். மாறாக, சற்றுத் தள்ளி நின்றே இன்னும் சுவையான ஒரு துண்டைத் தட்டில் இட்டுவிட்டு விலகிச் செல்லுங்கள். மனிதர் வருவது பறிப்பதற்கு அன்று, கொடுப்பதற்கே என்று அது நாளடைவில் உணரும். அதுவரை சிறு பிள்ளைகளைத் தட்டின் அருகே விடாதீர்கள்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி மற்ற உயிர்களோடு உறவு கொள்ளப் பழகும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஐந்தில் வளைவது என்று நாம் சொல்வது நாய்க்கு மூன்று மாதத்திற்குள் அடங்கிவிடுகிறது! அந்நாட்களில் பேருந்தின் ஒலி, குடை, மிதிவண்டி, முதியோர், குழந்தைகள் ஆகிய எல்லாவற்றையும் அச்சமின்றிக் காணும் வாய்ப்பை அதற்குக் கொடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல், கையில் ஏந்திச் சென்று காட்டுங்கள்.

இதுவரை சொன்ன அழுகை, கடி, ஓட்டம், குறும்பு ஆகிய அனைத்தும் நம்மைக் கவலைக்குள்ளாக்குகின்றன. ஆயினும் அவை வளரும் குட்டிக்கு இயல்பானவை. உண்மையில் கவலைப்பட வேண்டிய நிலையோ பல வேளைகளில் நம்மை மகிழ்விக்கிறது! இதுவே நான் இன்று வற்புறுத்திச் சொல்ல விரும்பும் கருத்து. ஒரு நிகழ்ச்சியால் இதை விளக்குகிறேன்.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டரை மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வளர்த்தான். அது செருப்புகளைக் கடித்துப் பாழாக்கியதால் அவன் தந்தையார் வெறுப்புற்றிருந்தார். ஒரு மாலை அவன் முகமலர்ச்சியோடு வந்து, “ஐயா, அப்பா அதட்டியதற்குப் பலன் தெரிகிறது. இன்று முழுவதும் குட்டி ஒரு மூலையில் ஒழுங்காகப் படுத்திருக்கிறது,” என்றான். “சாப்பிட்டதா?” என்றேன். “இல்லை.” “தண்ணீர்?” “குடித்ததை வாந்தி எடுத்துவிட்டது.” நான் உடனே எழுந்து அவனோடு சென்றேன். குட்டி என்னைப் பார்த்தது, வாலை அசைக்கவில்லை. ஈறுகள் வெளிறியிருந்தன. தடுப்பூசி போடும் நாள் தள்ளிப் போயிருந்தது. அன்றிரவே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். பார்வோ நச்சுயிரி நோய் என்றார் அவர். 1978-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பரவி அறியப்பட்ட நோய் அது. குட்டிகளின் குடலைத் தாக்கி, இரத்தக் கழிச்சலை உண்டாக்கி, சில நாட்களிலேயே உயிரைக் கொள்ளக்கூடியது. ஐந்து நாட்கள் நரம்பின் வழியே நீர் ஏற்றினார்கள். அந்த நீர்ப்புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர், குட்டியைச் சந்தையில் விட்டுவிடுவதாகச் சொல்லிவந்த அதே தந்தையார். குட்டி பிழைத்தது. வீடு திரும்பிய மறுவாரம் அவருடைய புதுச் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது. அவர் அந்தச் செருப்பைத் தெருவெல்லாம் காட்டி மகிழ்ந்தார்!

அமைதி எல்லாம் ஒழுக்கம் அன்று, நேயர்களே. உண்ண மறுத்தல், ஓயாத வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், வெளிறிய ஈறு, வலிப்பு, விளையாட அழைத்தும் எழாமை ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாளை பார்ப்போம் என்று இராதீர்கள். குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரம் ஆனதும் கால்நடை மருத்துவரைக் கண்டு, தடுப்பூசி நாட்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நிறையும்போது வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது போடுங்கள். எந்த நாயாயினும், குட்டியே ஆயினும், அதன் பல்லோ நகமோ பட்டு உங்கள் தோலில் காயம் ஏற்பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக மிக அரிது. முன்னரே ஊசி போட்டுக்கொண்டால் அதைத் தடுத்துவிடலாம்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். குட்டி உண்டது, உறங்கியது, கழித்தது, அஞ்சியது ஆகியவற்றை நாள்தோறும் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு திங்களுக்குள் அதன் இயல்பு உங்களுக்குத் தெளிவாகும். இயல்பு தெரிந்தால் மாற்றமும் உடனே தெரியும். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் அந்த ஏடே விடை சொல்லும். குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு பாராமல், காரணம் தேடும் கண்ணோடு ஓர் உயிரைப் பார்க்கப் பழகியவர்கள், பிற்காலத்தில் நல்ல பெற்றோராகவும், நல்ல ஆசிரியராகவும், நல்ல மருத்துவராகவும் விளங்குவர் என்பது என் நம்பிக்கை. உங்கள் வீட்டுக் குட்டி இன்றிரவு அழுதால், முதலில் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள்.