யாருடைய கையெழுத்து?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர், கருத்தடையும் கருக்கலைப்பும் நம் எண்ணிக்கையைக் குறைக்கிற சதி என்றார். அந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் ஆள் பிடித்து ஆபரேஷன் செய்தபோது மாட்டிக்கொண்டவர்கள் ஏழைகள்தான். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் முகாம் போட்டு, ஒரே டாக்டர் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பணக்கார வீட்டுப் பொண்ணு அந்த வரிசையில் நிற்கவில்லை.

அதுக்காக, 'பெத்துப் போடுங்க' என்பதா பதில்? பெறப்போவது யாரு?

எங்க அக்கா கதையைச் சொல்றேன். கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். ரெண்டு பிள்ளைக்கப்புறம் மூணாவது தங்கிடுச்சு. ரெண்டு மாசம். வேணாம்னு அக்காவே முடிவு பண்ணிடுச்சு. மாமா திருப்பூர்ல வேலைல இருந்தார். ஊர்க் கிழவி ஒருத்தி எருக்கங்குச்சியோட வந்து நின்னா. எங்கம்மா அவளை விரட்டிட்டு, எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சு. அங்கே கேட்ட முதல் கேள்வி: "புருஷன் எங்கே? கையெழுத்து வேணும்." அடுத்தது: "ஆபரேஷனும் பண்ணிக்கிறதா இருந்தாத்தான் கலைப்போம்." அக்கா யோசிக்க ஒருநாள் கேட்டுச்சு. கிடைக்கல. மாமாவுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. கையெழுத்து கொஞ்சம் மாறினாலே செக்கைத் திருப்பி அனுப்புகிறவன். ஒருத்தர் கணக்கில் இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டால் அதுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். அக்கா உடம்புக்கு நான் போட்டேன். கடைசியாகத்தான் அக்காவிடம் மை டப்பாவை நீட்டினார்கள். எங்க தெருப் பேரைக் கேட்டதுமே கைநாட்டு என்று முடிவு பண்ணிவிட்டார்கள். அக்கா எட்டாவது படிச்சது.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1971ஆம் வருடச் சட்டப்படி பதினெட்டு வயசு நிரம்பிய பெண் கருக்கலைப்புக்கு வந்தால் அவள் சம்மதம் போதும். புருஷன் வேண்டாம், தம்பி வேண்டாம். ஆபரேஷன் நிபந்தனைக்கு அதில் இடமே இல்லை. டாக்டர் ஒப்புக்கொண்டால்தான் என்று வைத்திருப்பது அந்தச் சட்டத்தின் கோளாறு, அது தனிச் சண்டை.

எண்ணிக்கை பேசும் தோழருக்கு ஒன்று. 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் கருத்தடை வசதி கேட்டு ஒரு தீர்மானம் வந்தது. உரையைத் தயாரித்தவர் அம்பேத்கர். கொண்டுவந்து பேசியவர் அவர் கட்சியின் ரோஹம். பிரசவ வலியை ஆம்பளை பட்டால் ஒன்றுக்கு மேல் பெறச் சம்மதிக்கமாட்டான் என்று அதில் வருகிறது. ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றது. நம் சனத்தின் மேல் அம்பேத்கரைவிட அக்கறை உள்ளவர் இங்கே யார்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை. ஆண்களுக்கு அது சில நிமிஷ வேலை. எனக்கும் ரெண்டு பிள்ளை. செய்துகொண்டது என் மனைவிதான். நான் அப்போது பெண் விடுதலை பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டப்பிரிவை ஜெராக்ஸ் எடுத்து வாசல் மேசையில் வச்சிருக்கேன். ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க. ஆம்பளைங்க கொண்டுபோய் வீட்ல குடுங்க.