மேலதிக டீசல் தாங்கி: பிக்கப் வைத்திருப்போருக்கும் அதில் ஏறிப் போவோருக்கும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று வீட்டுத்திட்டம் பற்றியோ உலர் உணவு பற்றியோ பேச நான் வரவில்லை. முந்திய கூட்டங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: பிக்கப்புக்கு மேலதிகமாக ஒரு டீசல் தாங்கி பூட்டலாமா? நான் கலைப்பீடத்தில் படித்தவள். அதனால் எங்கள் வாகனங்களைத் திருத்தும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததையே சொல்கிறேன்.

கேள்வி நியாயமானது. ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் எரிபொருள் நிலையம் தூரம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய பிக்கப்பில்தான் கூரைத் தகரமும் சீமெந்தும் வருகின்றன. அநேகமான பிக்கப் தாங்கிகள் 60 முதல் 80 லீற்றர் வரையே கொள்ளும். உழவு இயந்திரத்துக்கும் அதே டீசல்தான் வேண்டும். ஆகவே பின்பெட்டியில் ஒரு பிளாஸ்ரிக் கான், அதற்குள் ஒரு ரியூப், கானுக்கு மேல் இரண்டு பிள்ளைகள். இந்தக் காட்சியை எல்லோரும் கண்டிருப்பீர்கள்.

தாங்கி பூட்டலாம். ஆனால் அது தாங்கியாகவே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கண்ட பரலையும் வெட்டி ஒட்டித் தாங்கியாக்க வேண்டாம். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

வெறும் பரல்தானே, உள்ளே ஒன்றுமில்லையே என்று நினைப்போம். நிறைந்த பரலைவிட வெறும் பரல்தான் ஆபத்து. எண்ணெய் ஊற்றி எடுத்த பரலின் மடிப்புகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். வெட்டும் நெருப்புப் பட்டவுடன் அது ஆவியாகும். உள்ளே இருக்கும் காற்றோடு கலந்த அந்த ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் மடிப்புக்குள் இருப்பது முழுவதும் போகாது. பரலில் முன்பு இருந்தது பெற்றோலா, மண்ணெண்ணெயா, வேறு ஏதாவது இரசாயனமா என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அந்தப் பரல் எங்கே கிடந்தது என்பது அடுத்த விடயம். கைவிடப்பட்ட காணிகளிலும் பற்றைகளிலும் பரல்களும் இரும்புகளும் கிடக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், சில இடங்களில் அவற்றுக்குள்ளேயே, வெடிக்காத வெடிபொருள் இருக்கலாம். எடுக்கவோ உருட்டவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ மிதிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகளிடம் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

சரி, நல்ல கராஜில் தாங்கி செய்விக்கிறீர்கள் என்று வைப்போம். நாகம் பூசிய தகரம் வேண்டாம். டீசல் நாகத்தோடு சேர்ந்தால் ஒருவகைப் பசை உண்டாகி பில்ரரை அடைக்கும். சாதாரண உருக்குத் தகடோ அலுமினியமோ போதும். உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாகப் பாயாது. மூடியோடு சேர்த்துக் காற்றுப் போகும் குழாய் கட்டாயம். டீசல் சூட்டில் விரியும் என்பதால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். தாங்கியைப் பின்பெட்டியின் முன்பக்கத்தில், அடியில் உள்ள சட்டத்தோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். கயிறு போதாது. 100 லீற்றர் டீசல் ஏறத்தாழ 84 கிலோ. இரண்டு சீமெந்துப் பைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவுக்கு மற்றச் சுமையைக் குறைக்க வேண்டும்.

குழாயை எஞ்சினுக்கு நேரே கொடுக்க வேண்டாம். டீசல் எஞ்சின் எரிப்பதைவிடக் கூடுதலாக இழுத்து, மிச்சத்தைப் பழைய தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். புதியதிலிருந்து இழுத்துப் பழையதற்குத் திருப்பினால் பழையது நிரம்பி வழியும். புதிய தாங்கி பழையதை நிரப்புவதற்கு மட்டும் இருக்கட்டும். சிறிய மின்பம்பி வைக்கலாம். உயரத்தில் இருந்தால் ஒரு ரப் போதும். ஆனால் ரப்பைத் திறந்துவிட்டு மறந்தால் வீதியெல்லாம் டீசல்தான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் வழுக்கி விழுவார். பழைய தாங்கி பாதியானதும் வாகனத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு திறந்து, பார்த்து மூடுங்கள். மாரி காலத்தில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும். அடியில் ஒரு வடிகால் திருகாணி வைத்து, மாற்றுவதற்கு முன் கொஞ்சம் வடித்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்று ஒரு ஐயா கேட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறு போத்தல் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்படி ஓடியவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் பம்புக்கு டீசல்தான் வழுக்கல் எண்ணெய். மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும். புதிய பம்பின் விலையைக் கேட்டால் மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்த காசு ஒன்றுமே இல்லை.

கடைசியாக, வாயால் ரியூப்பை உறிஞ்சி டீசல் எடுக்காதீர்கள். ஒரு மிடறு நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் பழுதாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனென்றால் அப்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கைப்பம்பி ஒன்றை நாலு வீட்டுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம்.

வெளியில் மரத்தடியில் எங்கள் பிக்கப் நிற்கிறது. ரப், காற்றுக் குழாய், வடிகால் எங்கே இருக்க வேண்டும் என்று மெக்கானிக் காட்டுவார். முதலில் கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.